ராலித்சா அழுததாக முதல் நாளே எழுதிவிட்டார்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்துக்காகத் தயாரான ஒரு செய்தியிலிருந்து சுட்டேன். 'வெளிநாட்டு மாணவர்கள் முதல் சீனப் பேரரசரின் சுடுமண் படைவீரர் சிலைகளைப் பார்வையிட்டனர். பல்கேரிய மாணவி ராலித்சா வீரர்களின் முன் உணர்ச்சி மேலிட்டுக் கண்ணீர் சிந்தினார்.' நல்ல செய்திதான். ஒரே ஒரு குறை, நாங்கள் மறுநாள்தான் போவதாக இருந்தோம்.

(சீனாவின் சியான் நகரில் பல வருடங்களாக முனைவர் பட்டத்தை முடிக்காமல் காலம் தள்ளுகிறவன் நான். இங்கே செய்தி முந்தி, சம்பவம் பிந்தி. மேலிடத்தில் கையெழுத்து வாங்க நேரம் வேண்டாமா?)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஈராயிரம் ஆண்டு மௌனத்தைச் சுமந்தபடி அந்த வீரர்கள்...' வேண்டாம். சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

பேருந்தில் எல்லோரும் தூங்கினார்கள். இது பரவாயில்லை, உண்மையும்கூட. ராலித்சா மட்டும் தூங்கவில்லை. கோடை வகுப்புக்கு வந்தவள். மாவுக் கொழுக்கட்டை பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். காகிதத்தில் பூ வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். எல்லாம் இந்த ஒரு நாளுக்காக. பழங்காலக் காலணிகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். மண்டியிட்ட வில்லாளி சிலையின் பின்காலில் காலணியின் அடிப்புறம் தெரியும். அதில் தையல் புள்ளிகள்கூட செதுக்கப்பட்டிருக்கும், நுனியிலும் குதிகாலிலும் நெருக்கமாக, நடுவில் இடைவெளி விட்டு. படத்தில் பார்த்துப் பார்த்து அலுத்து, நேரில் பார்க்க வந்திருக்கிறாள். மறுநாள் காலை ஊர் திரும்ப விமானம்.

(செருப்பைப் பார்க்கவா ஒருத்தி சீனாவுக்கு வருவாள், காதலன் என்று மாற்று என்றான் நண்பன். போடா என்றேன்.)

3

சிலைகளைத் தோண்டியெடுத்த முதல் குழிக்கு எதிரே, பல்கலைக்கழகத்தின் சிவப்புப் பதாகையை விரித்தோம். இடது முனை என் கையில். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கோங் டீச்சர் எங்களை உயரவாரியாக நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"டீச்சர், ரெண்டாவது குழிக்கு ஓடிப்போய் அந்த வில்லாளிய மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள் ராலித்சா.

"எங்கம்மா போற? செய்தில உன் பேருதான் இருக்கு. நீ நடுவுல நில்லு."

"நிக்கறேன். ஆனா அழுதேன்னு போட்டிருக்கீங்களே, நான் எங்க அழுதேன்?"

"இன்னும் அழல. இப்ப அழு."

"வரலையே டீச்சர்."

"செய்தி மேல போயாச்சும்மா. டீன் படிச்சுட்டு பிரமாதம்னுட்டார். இனிமே அத மாத்த முடியாது. உன்னத்தான் மாத்தணும்." கைப்பையிலிருந்து கண் சொட்டு மருந்தை எடுத்தார். "அண்ணாந்து பாரு. அழுதுட்டா உடனே போகலாம்."

ராலித்சா என்னைப் பார்த்தாள். "என்ன சீனியர் இது?"

"கேக்காத. அழுதுட்டு ஓடு" என்றேன்.

புகைப்படக்காரர் கை உயர்த்தியதும் எல்லோரும் "கத்திரிக்காய்!" என்று கத்தினோம். (இங்கே படம் எடுக்கும்போது அதற்கான சீனச் சொல்லைத்தான் சொல்வோம். பல் நன்றாகத் தெரியும்.) கத்திரிக்காய் என்று இளித்துக்கொண்டே கண்ணீர் விடுவது லேசான காரியமில்லை. ராலித்சா செய்தாள். காற்றில் பதாகை மடங்கியது, மறுபடி கத்திரிக்காய். துணை டீன் கழிப்பறையிலிருந்து வந்து சேர்ந்தார், மறுபடி சொட்டு மருந்து, மறுபடி கத்திரிக்காய். பேருந்து கிளம்பும் நேரம் நெருங்கியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பதாகையை மட்டும் நான் விடவில்லை.

"சரி, போ! பஸ் காத்திருக்காது" என்றார் டீச்சர். ராலித்சா ஓடினாள்.

4

முடிவுக்கு வருவோம். வில்லாளியின் கண்ணாடிப் பெட்டியருகே அவள் அந்தத் தையலைப் பார்த்துவிடுகிறாள் என்று எழுதலாம். வார இதழ்களில் போடுவார்கள்.

பெட்டி காலி, வில்லாளி கண்காட்சிக்காக சோபியா நகரத்துக்கே போயிருக்கிறார், அதாவது அவளுடைய ஊருக்கே! இது கெட்டிக்கார முடிவு, பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் அவள் அதை விசாரிக்காமல் பெட்டி கட்டியிருப்பாளா? என் சாமர்த்தியத்துக்காக அவளை முட்டாளாக்க மனம் வரவில்லை. அந்த முடிவை அடித்துவிட்டேன்.

அல்லது, பெட்டியை மறைத்துக்கொண்டு வேறொரு பல்கலைக்கழகம், வேறொரு சிவப்புப் பதாகை, அவர்களுடைய கத்திரிக்காய். இந்த ஊரில் இது நடக்கக்கூடியதுதான்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கடைசி ஆளாக அவள் பேருந்தில் ஏறியபோது அழுதுகொண்டிருந்தாள். சொட்டு மருந்து அவ்வளவு நேரம் தாங்காது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள். பார்த்துவிட்ட அழுகையா, பார்க்க முடியாத அழுகையா? நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும் செய்தி பொய்யில்லை.

பார்த்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கோங் டீச்சர் முந்திக்கொண்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"போதும்மா, அழாத. போட்டோ எல்லாம் எடுத்தாச்சு."