ஊசியில் நிற்காத அட்டை

துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்த நிலக்கரிக் கம்பெனியில் வேலை செய்த அத்தனை பேரும் ஒரு பித்தளைக் கம்பியில் கோக்கப்பட்டிருந்தார்கள். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ராயபுரம் ஆபீஸ் அறையில் ஒரு கை நீளத்துக்குத் தேக்கு இழுப்பறை ஒன்று இருந்தது. அதற்குள் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் பெயர், தகப்பன் பெயர், மேஸ்திரி பெயர், ஓரத்தில் துரையின் கையெழுத்து. ஒவ்வோர் அட்டையின் அடிப்பக்கத்திலும் ஒரு துளை. இழுப்பறையின் முகப்பிலிருந்து பின்பலகை வரை, எல்லாத் துளைகளுக்குள்ளும் புகுந்து, பலப்பம் கனத்தில் அந்தக் கம்பி ஓடியது. அட்டையைப் புரட்டலாம், படிக்கலாம், அதில் எழுதலாம். எடுக்க மட்டும் முடியாது. எடுக்க வேண்டுமானால் முகப்புக் குமிழில் சாவியைப் போட்டுக் கால்வட்டம் திருப்ப வேண்டும். உள்ளே ஒரு பல் டிக்கென்று விலகும். கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சாவி துரையின் கடிகாரச் சங்கிலியில் தொங்கியது. சனிக்கிழமை காலையில் மட்டும்தான் அது கீழே இறங்கும்.

கரி குவித்துக் கிடந்த யார்டில் அந்தக் கம்பிக்கு ஊசி என்று பெயர். வேலை கிடைத்தவன் ஊசி ஏறிவிட்டான். வேலை போனவன் ஊசி இறங்கிவிட்டான். பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளை ஊசியில் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பார்கள். உலகமெங்கும் வியாபாரம் படுத்துக்கிடந்த காலம் அது. ஊசியிலிருந்து இறங்கியவனை மறுபடி ஏற்ற எந்தக் கம்பெனியிலும் ஊசி கிடையாது.

அந்த இழுப்பறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் பரசுராமன். வியாசர்பாடிக்காரன். அவனுடைய அப்பா பௌத்த சங்கத்து இரவுப் பள்ளிக்கு மூத்தவனை அனுப்பினார். இளையவனை அனுப்புவதற்குள் செத்துப்போனார். ஆகையால் மூத்தவன் ஆபீசில் அட்டை எழுதினான், இளையவன் ஜெயவேல் யார்டில் கரிக்கூடை சுமந்தான். ஆபீசில் இருப்பவனின் சொந்தக்காரன் யார்டில் இருக்கக்கூடாது என்பது கம்பெனி சட்டம். அதனால் வியாசர்பாடியிலிருந்து சேர்ந்தே கிளம்பி வருகிறவர்கள், ராயபுரம் கேட்டுக்கு வந்ததும் யாரோ எவரோ ஆகிவிடுவார்கள். வீட்டில் 'அண்ணாத்தே' என்று கூப்பிடுகிற வாய், சன்னலுக்கு வெளியே நின்று 'கிளார்க்கு ஐயா' என்று கூப்பிடும். ஆரம்பத்தில் இருவருக்கும் இது சிரிப்பாக இருந்தது. சிரித்துச் சிரித்து அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்த ஐப்பசியில் கம்பெனி கூடையைப் பெரிதாக்கியது. ஆளின் கழுத்து பழைய கழுத்தேதான், கூடை மட்டும் புதுக் கூடை. கரி சுமப்பவர்கள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயவேல் முன்வரிசையில் உட்கார்ந்தான். பரசுராமன் தன் வீட்டுப் பானையிலிருந்து சோறு கொடுத்தனுப்பினால் அது அப்படியே திரும்பி வந்தது.

"கூட இருக்கறவன்லாம் பசியா கெடக்க சொல்ல நான் மட்டும் உன் சோத்த துன்னா அது உள்ள எறங்குமா அண்ணாத்தே?" என்றான் ஜெயவேல். ரோஷக்காரன். ரோஷத்தை அவன் தின்றான். அவன் பெண்டாட்டி கெங்கம்மாவும் மகள் பட்டுவும் துறைமுகத்தில் கூட்டிப் பொறுக்கிய நொய்யைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.

புதன்கிழமை துரை அறிவித்தார். வருகிற சனிக்கிழமை ஊசியை உருவுவார். உட்கார்ந்திருப்பவன் ஒவ்வொருவனின் அட்டையையும் தன் கையாலேயே எடுத்துக் கிழிப்பார். அவ்வளவுதான், ஒரு வரி.

அன்று சாயங்காலம் கெங்கம்மா புருஷனின் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமா, நீங்க அந்த பொட்டிகிட்டயே குந்திகினு கீறீங்க. அவுரு கார்டு ஒண்ணு மட்டும் கிழியாம பாத்துக்க முடியாதா? அவுரு கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன்."

"சாவி என்கிட்ட இல்லம்மா."

"சாவி இல்லாட்டி இன்னா? உங்களுக்குப் படிப்பு கீது இல்ல?"

படிப்பு இருந்தால் பூட்டு திறக்கும் என்று அவள் நம்பினாள். பரசுராமன் இராத்திரி முழுக்க அந்த இழுப்பறையை மனதுக்குள் புரட்டினான். கம்பியை அசைக்க முடியாது. ஆனால் அட்டை கம்பி இல்லையே, காகிதம்தானே. துளையிலிருந்து அடி விளிம்பு வரை இருப்பது ஒரு விரற்கடை. அதைக் கீறிவிட்டால் பூட்டு பூட்டியபடி இருக்க, அட்டை மேலே வந்துவிடும். கிழிக்கிற கை வரும்போது அட்டை அங்கே இருக்காது. பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் உள்ளே சொருகிவிட்டு, அடுத்த சனிக்கிழமை, "அட்டை நைந்துவிட்டது" என்று புதிதாக ஒன்று எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். கரி படிந்து நைந்த அட்டைகளை அப்படி மாற்றுவது வழக்கம்தான்.

வியாழக்கிழமை மதியம், பெரிய குமாஸ்தா சாப்பிடப் போன நேரத்தில், பென்சில் சீவும் கத்தியால் கீறினான். அட்டை இரண்டு உதடு விரித்தது போல விலகிக்கொண்டு கம்பியைத் தாண்டி வந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மிச்ச வேலையைத் தப்பில்லாமல் செய்து முடித்தான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தம்பிக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று அன்று நடந்தே வீட்டுக்குப் போனான். கால் வலிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. துரை வந்தார். சங்கிலியைத் தொடவில்லை. இரண்டு கப்பல்கள் கரி இல்லாமல் கடலில் நிற்கின்றன. அவற்றின் ஏஜெண்டுகள் தந்திமேல் தந்தி அடிக்கிறார்கள். புதிதாக ஆள் பிடித்துப் பழக்கப் பொழுதில்லை. பெரிய கூடையோடு வேலைக்கு வர மேஸ்திரிகளும் தலையாட்டிவிட்டார்கள். "ஊசியில் இருக்கிற எல்லாரும் திங்கட்கிழமை வரலாம். ஊசியில் இருக்கிறவன் மட்டும்தான்" என்று துரை சொன்னார்.

யார்டு முழுக்க ஊசியில் இருந்தது. ஜெயவேல் ஒருவன் மட்டும் வியாசர்பாடியில் அண்ணன் வீட்டு அரிசிப் பானைக்கு அடியில், ஒரு துணிக்குள் இருந்தான்.

பரசுராமனுக்கு அட்டையைத் திருப்பி உள்ளே வைப்பது பெரிய காரியமில்லை. கீறலைக் கம்பிமேல் அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் திங்கட்கிழமை என்றொரு சங்கதி இருந்தது. முன்னொரு காலத்தில் ஒரு மேஸ்திரி, கைக்கூலி வாங்கிக்கொண்டு துளையில்லாத அட்டைகளை இடையிடையே சொருகி ஆள் ஏற்றியிருக்கிறான். அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட் திறப்பதற்கு முன்னால், வராந்தாவில், எல்லார் பார்வையிலும் இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கம்பியில் கோத்தவை வௌவால் கூட்டம்போலத் தொங்கும். கோக்காதது கீழே விழும். விழுந்தது அடுப்புக்குப் போகும்.

ஆக, கீறலை ஒட்ட வேண்டும். ஒரே ஒரு திங்கட்கிழமை தாங்கினால் போதும்.

ஆபீசில் பசை இருந்தது. பைண்டு போடுகிறவன் காய்ச்சிக் கொடுக்கும் மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருப்பான். ஒட்டின இடத்தில் நீலம் பாயும். துரையின் கண் அந்த நீலத்தில்தான் முதலில் விழும். வேண்டாம் என்று தீர்மானித்தான் பரசுராமன். தன் வீட்டில் பொழுது சாய்ந்துதான் உலை வைப்பார்கள். அதுவரை பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டுக்குப் போனான். ஜெயவேல் வெளியே போயிருந்தான். நொய்க்கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"கார்டை ஒட்டறதுக்குக் கொஞ்சம் சோறு வேணும்மா" என்றான்.

கெங்கம்மா அகப்பையை அடிவரை விட்டுக் கெட்டியாக அரித்தெடுத்து, பூவரச இலையில் வைத்துக் கட்டைவிரலால் மசித்தாள். கஞ்சியில் இருந்த பருக்கை கிட்டத்தட்ட அவ்வளவும் வந்துவிட்டது. பட்டு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இலையைப் பார்த்தபடி இருந்தாள். "அப்பாவுக்குடி கண்ணு" என்றாள் கெங்கம்மா. குழந்தை தலையாட்டியது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மறுநாளைக்கு மேஸ்திரி வாரியாகப் பட்டியல் போட வேண்டும் என்று சொல்லி, காவல்காரனைத் தாண்டி ஆபீசுக்குள் போனான். அறைச் சாவி அவனிடம்தான் இருந்தது. அட்டையைக் கம்பிமேல் உட்கார வைத்தான். அட்டையின் நிறத்திலேயே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வெட்டி, மசித்த சோற்றைத் தடவி, கீறலுக்குப் பின்னால் வைத்து ஒட்டினான். காயும்வரை ஊதினான். கையால் இழுத்துப் பார்த்தான். நின்றது. முன்பக்கம் ஒரு மயிரிழைக் கோடுதான் தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகைதான்.

துத்தம் ஏன் கலக்கிறார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை. பத்து வருஷமாக அந்தப் பசையைத் தொட்டவன். நீலக் கறைக்குப் பயந்தானே தவிர, அந்த நீலம் எதற்குக் காவல் இருந்தது என்று யோசிக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த அறையில் கரப்பான்கள் எங்கிருந்துதான் வருமோ, விளக்கணைந்தால் மேஜைமேல் ஊர்வலம்தான். அவையும் பாவம், பசித்தவைதான். பட்டுவின் தட்டுக்குப் போயிருக்க வேண்டிய சோறு இராத்திரியோடு இராத்திரியாக அவற்றின் வயிற்றுக்குப் போயிற்று.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு வெளியே யார்டே கூடி நின்றது. பெரிய கூடைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காவல்காரன் இழுப்பறையைத் தூக்கிவந்து வராந்தா விளிம்பில் நிறுத்தி, ஒரே மூச்சில் கவிழ்த்தான்.

அட்டைகள் சரசரவென்று தொங்கின. ஒன்று மட்டும் விழுந்தது.

அது நேராகக்கூட விழவில்லை. ஒருமுறை சுழன்று, ஈரச் சிமெண்டில் முகம் மேலாகப் படுத்தது. காவல்காரன் எடுத்துக் கொடுத்தான். துரை அதைத் திருப்பிப் பார்த்தார். கீறலைப் பார்த்தார், அரித்துத் தின்ற காகிதத் துண்டைப் பார்த்தார், விரலில் தொட்டு முகர்ந்தார். "ஜெயவேல்" என்று படித்தார். பிறகு அட்டையிலிருந்து கண்ணை எடுத்துப் பரசுராமனைப் பார்த்தார்.

"ரூம் சாவி உன்கிட்டேதானே இருக்கு?"

வராந்தாவில் பட்டியலோடு உட்கார்ந்திருந்த பரசுராமன் எழுந்து நின்றான். 'நான்தான் கீறினேன்' என்று இரண்டே வார்த்தை. சொன்னால் அவன் போவான், தம்பி நிற்பான். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவன் திறந்தான் என்பதற்குக் கதை சொல்கிற நான் சாட்சி. ஆனால் திறந்த வாயில் வார்த்தை வருவதற்குள் கூட்டத்திலிருந்து குரல் வந்துவிட்டது.

"கிளார்க்கு ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது தொரை. நான்தான் சன்னல் வழியா பூந்து கீறினேன். கிழிச்சிடுவீங்கன்னு பயந்துகினு எடுத்தேன். அப்பால நானே ஒட்டி வச்சேன்."

ஜெயவேல் முன்னால் வந்து நின்றான். அண்ணன் ஒட்டச் சோறு வாங்கிப்போனதைக் கெங்கம்மா அவனிடம் சொல்லியிருந்தாள். சன்னல் கம்பிக்குள் பூனைகூட நுழைய முடியாது. அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். துரைக்கும் தெரியும். ஆனால் கடலில் கப்பல் நிற்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஒருவனைத் துரத்திவிட்டு இன்னொருவனைத் தேடுவதைவிட, கூடை சுமக்கும் ஒருவனைத் துரத்துவது சுலபம். துரை அட்டையை நாலாகக் கிழித்தார். இவன் பெயரைத் துறைமுகத்தில் இருக்கிற எல்லா யார்டுக்கும் சொல்லி அனுப்பு என்று பரசுராமனிடமே உத்தரவு போட்டார்.

பரசுராமன் உட்கார்ந்தான். உத்தரவை எழுதினான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருவனாவது சம்பாதிக்க வேண்டாமா, தம்பியே முந்திக்கொண்டு சொல்லிவிட்டபிறகு நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றெல்லாம் மனதுக்குள் அடுக்கினான். எல்லாம் பொய். அவன் பயந்தான். அந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் தேடி நாள் முழுக்கக் குனிந்தே இருந்தான். சன்னலுக்கு வெளியே பெரிய கூடைகள் போய்வந்துகொண்டிருந்தன. அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அவற்றில் ஒன்று தம்பியின் தலையில் இருந்திருக்கும். தம்பிக்கு அவன் செய்திருக்கக்கூடிய ஒரே நன்மை அதுதான்.

சாயங்காலம் தம்பி வீட்டு வாசலில் ஜெயவேல் இல்லை. காசிமேட்டில் வலை இழுக்க ஆள் வேண்டுமா என்று கேட்கப் போயிருந்தான். கெங்கம்மா எழுந்து வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான் பரசுராமன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

"கார்டு நிக்கலைன்னு மட்டும் சொன்னாரு மாமா. வேற ஒண்ணும் வாயத் தெறக்கல. உங்க மேல தப்பு இல்லன்னாரு." அவள் குரல் தாழ்ந்தது. "என் மேலதான் தப்பு. புள்ள பாத்துகினே இருந்துச்சா, அதுக்கும் கொஞ்சம் வுடணும்னு நான் கை இழுத்துக் கொஞ்சமா குட்துட்டேன். பத்தல போல."

உள்ளே போனாள். பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பூவரச இலை இருந்தது. இந்தமுறை நிறையவே இருந்தது. வழவழவென்று, ஒரு பருக்கை முழுதாக இல்லாமல் மசித்திருந்தாள்.

"இத்த வச்சி நல்லா அழுத்தி ஒட்டுங்க மாமா. இன்னிக்கி எங்களுக்குப் பசியில்ல."

அட்டையை நாலாகக் கிழித்தாயிற்று, ஒட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் யார் கீறியது, யார் பேசாமல் நின்றது எல்லாம் சேர்ந்து வரும். சொல்லாமல் இலையை வாங்காதிருக்கவும் வழியில்லை. 'குழந்தைக்குக் கொடு' என்று ஒரு வார்த்தை சொன்னாலே அவளுக்குப் புரிந்துவிடும்.

பரசுராமன் கையை நீட்டி இலையை வாங்கிக்கொண்டான். வாசலில் உட்கார்ந்திருந்த பட்டு, அவன் தெருமுனை திரும்பும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.