ஊர்ச்சங்கத்துக்கு வந்த அமெரிக்கா

என் புருசனின் தம்பி ஜெயந்தன் நியூ ஜெர்சியிலிருந்து காரோட்டி வந்து ரொறொன்ரோவில் எங்கள் மில்லிக்கன் வீட்டு வாசலில் இறங்கிய அன்றைக்கே நான் கதவைப் பூட்டியிருக்க வேண்டும். விசரி, இடியப்பம் அவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அது 1996. அமெரிக்காக்காரர் தங்களுக்கு ஒரு ஜனாதிபதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு ஒரு தலைவரைத் தேடிக்கொண்டிருந்தோம். மட்டக்களப்புப் பக்கம் ஒரு சின்ன ஊர். ரொறொன்ரோவில் அந்த ஊர் ஆட்கள் எல்லாரையும் கூட்டினால் ஒரு சேர்ச் மண்டபம் நிறையும், அவ்வளவுதான். தலைவர் என்றால் பொங்கலுக்கு மண்டபம் பிடிக்க வேண்டும், செத்த வீட்டில் முதல் ஆளாய் நிற்க வேண்டும், அகதிக் கேஸ் நடக்கிற ஆட்களுக்கு ‘இவர் எங்கள் ஊரவர், இவர் சொல்வது மெய்’ என்று கடிதம் கொடுக்க வேண்டும். உண்மையில் அந்தக் கடிதத்துக்காகத்தான் சங்கமே இருந்தது.

என் புருசன் இராஜரட்ணத்துக்குத் தலைவராகும் ஆசை வீடு வாங்கிய கையோடு வந்தது. எதிரே நின்றவர் வீரக்குட்டி அண்ணை. எயார்போட்டுக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பிரேதப் பெட்டி தூக்குவது என்று பதவி இல்லாமலே எல்லாம் செய்துகொண்டிருந்த மனிசன். இருவரும் கனடாவுக்கு வந்த புதிதில் வெக்ஸ்போர்ட்டில் ஒரே பேஸ்மென்ரில் ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். பிறகு புருசன் ஸ்பொன்சர் செய்து வந்த என்னை எயார்போட்டிலிருந்து கூட்டிவந்ததும் அவருடைய வான்தான்.

அவருடைய மனைவியும் மகள் சுலக்சனாவும் இன்னும் ஊரில் இருந்தார்கள். மெடிக்கல் முடிந்துவிட்டது, விசா வர வேண்டியதுதான் பாக்கி. மனிசன் இரண்டு அறை அப்பாட்மென்ட் எடுத்து, மகளுக்குக் கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார். அவளின் அறை ஜன்னலுக்குக் கர்ட்டின் தைக்கச் சொல்லி ரோசாப்பூ நிறத் துணியை என்னிடம் தந்திருந்தார்.

“வடிவாத் தைங்க புள்ள. நான் விட்டுட்டு வரக்குள்ள அவளுக்கு மூண்டு வயசு. என்ட முகம் தெரியாட்டியும் கர்ட்டினையாவது புடிக்கட்டும்” என்றார்.

ஜெயந்தன் அமெரிக்காவில் யாரோ ஒரு செனட்டருக்காக வோட்டுக் கேட்டுக் கதவு தட்டின தொண்டர். அந்தத் தகுதி போதும் என்று தமையனின் தேர்தலைக் கையில் எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க ரீவியில் அமெரிக்கப் பஃபலோ சனல் ஓடும். அதில் ஒருத்தனை ஒருத்தன் பொய்யன், கள்ளன் என்று விளம்பரம் போட, இவர் சோபாவில் இருந்து எங்களுக்கு விளக்கம் சொல்லுவார். எனக்கும் பாடம் நடந்தது. வேட்பாளரின் மனைவி மேடையில் எப்படி நிற்பது, புருசன் பேசும்போது எப்படி அண்ணாந்து பார்ப்பது, எங்கே சிரிப்பது. கலியாணத்தன்றுகூட நான் அந்த மனிசனை அப்படிப் பார்த்ததில்லை.

“அண்ணன், நீங்க என்ன செய்வீங்க எண்டு ஆரும் கேக்கப் போறதில்ல. மற்றவன் ஏன் கூடாது எண்டு சொல்ல வேணும். அதுதான் கேம்” என்றார் ஜெயந்தன்.

“வீரக்குட்டி அண்ணையில என்ன கூடாது?” என்று நான் கேட்டேன்.

“தேட வேணும் மச்சாள். எல்லாரிட்டயும் ஏதாவது இருக்கும்.”

என் புருசன் காலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “அவன் தொண்ணூறில ஊரில இல்ல. சவுதியில லொறி ஓடினவன்.”

தொண்ணூறில் ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீரக்குட்டி அண்ணையின் தம்பிமார் இருவரும் அதில் போனவர்கள், திரும்பவில்லை. சவுதியில் இருந்தவருக்குச் செய்திதான் வந்தது. இங்கே அகதிக் கேஸில் அதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். செத்தது அவருடைய தம்பிமார், எரிந்தது அவருடைய வீடு. கண் மட்டும் அங்கே இருக்கவில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கேஸில் என்ன சொன்னார் என்று மற்றவர் வாய் திறப்பதில்லை. குடித்துவிட்டுச் சண்டை பிடிக்கிறபோது தாயை இழுப்பார்கள், பெண்சாதியை இழுப்பார்கள், கேஸை மட்டும் இழுக்கமாட்டார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அதை மீறி நான் ஒருத்தரையும் கண்டதில்லை.

“இது செய்யக் கூடாத வேலை” என்று நான் சத்தம் போட்டேன். “அந்த மனிசன்ட பெண்சாதி புள்ள வரப்போற நேரம்.”

“மக்களுக்கு உண்மை தெரிய உரிமை இருக்கு மச்சாள். லீடருக்குக் கேரக்டர் வேணும். இதில பேர்சனலா ஒண்டும் இல்ல.”

“துண்டுப் பிரசுரம் தமிழிலதானே அடிக்கப் போறம்” என்றார் என் புருசன். “வெள்ளைக்காரனா வாசிக்கப் போறான்?”

ஜெயந்தன் அதற்கும் மேலே போனார். இங்கே வளர்ந்த பெடியளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம், யூத் வோட்டை விடக் கூடாதாம். துண்டுப் பிரசுரத்தின் மறுபக்கம் முழுக்க நல்ல இங்கிலிசில் அடிக்கப்பட்டது. வீரக்குட்டி அண்ணையின் பெயர், படம், சவுதியில் ஓட்டிய லொறிக் கொம்பனியின் பெயர். கீழே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: கனடா அரசாங்கத்துக்கே பொய் சொன்னவர் உங்களுக்கு உண்மை சொல்வாரா? அதற்கும் கீழே, வெளியிட்டவர் என்று என் புருசனின் பெயர். அமெரிக்காவில் அப்படிப் பெயர் போட வேண்டுமாம், அதுதான் நேர்மையாம்.

வாக்கெடுப்பு நாளில் மண்டபத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்கள் பயந்துபோய் என் புருசனுக்குப் போட்டார்கள். அடுத்த துண்டில் தங்கள் பெயர் வந்துவிடுமோ என்ற பயம். ஜெயந்தன் கயிற்றை இழுக்க, கூரையில் கட்டியிருந்த வலையிலிருந்து சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகப் பலூன்கள் எங்கள் தலையில் கொட்டின. ஜெயந்தன் சொல்லித்தந்தபடி நான் புருசனை அண்ணாந்து பார்த்தேன். என் புருசன் தம்பியைக் கட்டிப்பிடித்து நின்றதைப் படம் எடுத்தார்கள். அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, எங்கள் வீட்டு ஹோலில் மாட்டினோம்.

வீரக்குட்டி அண்ணை மேடைக்கு வந்து கை கொடுத்தார். “பாத்தீங்களா, தோத்தவர் வந்து கை குடுக்கிறார். இதுதான் ஜனநாயகம்” என்று மைக்கில் சொல்லிவிட்டு, அடுத்த நாள் ஜெயந்தன் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார்.

துண்டு இமிக்கிரேசனுக்குப் போனது. யார் அனுப்பினது என்று இன்றைக்கும் தெரியாது. அவ்வளவு நல்ல இங்கிலிசில் அடித்துக் கொடுத்தால் தபாலில் போட ஒரு ஆள் கிடைக்காதா? வீரக்குட்டி அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மனைவி, மகளின் விசா நிறுத்தப்பட்டது.

பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஜக்கற்றைக் கழற்றாமலே சோபா நுனியில் இருந்தார்.

“அண்ணை, லோயர் சொல்றார், அந்தத் துண்டில இருக்கிறது தேர்தலுக்காக எழுதினது, உண்மையில்ல எண்டு நீங்க ஒரு கடிதம் தந்தாப் போதுமாம். சங்கத் தலைவரும் நீங்கதான், துண்டில இருக்கிற பேரும் உங்கட பேர்தான்.”

என் புருசன் எழுந்து அடுப்படிக்குப் போய் ஜெயந்தனுக்குப் போன் அடித்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போனிலிருந்து ஜெயந்தனின் குரல் எனக்கும் கேட்டது. “நோ, நோ. மன்னிப்புக் கேட்டா நீங்க முடிஞ்சீங்க. இங்க ஒருத்தரும் பின்வாங்க மாட்டாங்க.”

திரும்பி வந்த என் புருசன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எழுதினா நான் பொய்யன் எண்டாகும், வீரக்குட்டி. நாளைக்கு நான் குடுக்கிற கடிதத்தை ஆர் நம்புவான்? சங்கத்தையும் யோசிக்க வேணும்தானே.”

வீரக்குட்டி அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

“அண்ணை, பேஸ்மென்ரில உங்கட கேஸுக்குப் பழக்க நான் அதிகாரி மாதிரிக் கதிரையில இருந்து கேள்வி கேப்பன், நினைவிருக்கா? உங்கட தம்பி எப்பிடிச் செத்தவர் எண்டு கேக்கக்குள்ள நீங்க அழ வேணும். முதல் நாள் உங்களுக்கு அழுகை வரல்ல, சிரிப்புத்தான் வந்த. நான்தான் பழக்கினன்.”

நான் தேத்தண்ணியை அவர் முன் வைத்தேன். என் புருசனுக்கு ஒரே ஒரு தம்பிதான்.

வீரக்குட்டி அண்ணை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். “செத்துப்போன உங்கட தம்பி மைக்கில பேசக்குள்ள நானும் முன்வரிசையில இருந்தன். பெடியள் சிலர் வந்து, அண்ணை, அவரைப் பத்தி நாங்களும் ஒரு துண்டு அடிப்பமா எண்டு கேட்டாங்க. வேணாம் எண்டு சொல்லிட்டன். நீங்க கூப்பிட்டு வந்த புள்ள இது” என்று என்னைக் காட்டினார். “உங்கட பேப்பர் போனா இதின்ட பேப்பரும் போகும்.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். குடிக்காமல் போனால் நான் வருந்துவேன் என்று நினைத்திருப்பார். வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டபடி சொன்னார்: “கர்ட்டினுக்கு அவசரமில்ல புள்ள. ஆறுதலாத் தைங்க.”

கதவு சாத்தப்பட்டது. அழுவார், அல்லது ஓடிப்போய் அவரைக் கூப்பிடுவார் என்று நான் என் புருசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உவன் ஆருக்கும் சொல்லுவானோ?” என்று கேட்டார்.

“சொல்ற ஆளெண்டா நீங்க தலைவரா வந்திருக்க மாட்டீங்க” என்றேன். “பேனை மேசையில கிடக்கு. கடிதத்தை எழுதுங்க.”

அவர் மேசைப் பக்கம் போகவில்லை. கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு, அதில் ஏறி, பலூன்களுக்கு நடுவே தம்பியோடு நின்ற படத்தைக் கழற்றினார்.