பத்தாயிரம் அடியும் ஒரு மகஜரும்

வரதராஜன்பேட்டைக்கு மேற்கே, கடலை பிடுங்கின கொல்லையில் ஆகாய விமானம் வந்து உட்கார்ந்த அன்று, நல்லுசாமிக்கு முதலில் வந்த நினைப்பு, ‘இது ஏன் என் எல்லைக்குள் வந்து விழுந்தது’ என்பதுதான். கொஞ்சம் தள்ளி, முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தால் அது அடுத்த ஊர் முன்சீப்பின் தலைவலி. விமானத்துக்கு அந்தப் புத்தி இல்லை.

நல்லுசாமி கிராம முன்சீப்பாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவும் தற்காலிகம். அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அவருடைய பெரியப்பா மகன் பிச்சைமுத்து. ஒரு பாகத் தகராறில், நகை என்று சொல்லி அரக்கு முத்திரை வைத்த மூட்டை ஒன்றை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவரும் முத்திரையைப் பார்த்த திருப்தியில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். வழக்கு முடிந்து பிரித்தபோது உள்ளே செங்கல் இருந்தது. முத்திரை அப்படியே இருந்தது, வேலைதான் போயிற்று. செங்கல்லை யார் வைத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

ஊர் சிரித்து மறந்துவிட்டது. நல்லுசாமி மறக்கவில்லை. முத்திரை என்பது உள்ளே இருப்பதை மறைக்கிற சங்கதி என்று அன்றைக்கு முடிவு கட்டியவர் அவர். தன் பொறுப்புக்கு வருகிற எதையும் பிரித்து, நாலு பேர் முன்னால் பார்த்து, இன்னின்ன இருந்தது என்று சாட்சிக் கையெழுத்தோடு மகஜர் எழுதி, பிறகு தன் முத்திரையை வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவரை நிரந்தரம் செய்வதா, வேறு ஆளைப் போடுவதா என்று தாசில்தார் இன்னும் சில நாளில் சொல்லப்போகிறார் என்று பேச்சு. இந்த நேரம் பார்த்துத்தானா ஆகாயத்திலிருந்து சாமான் வரவேண்டும்?

வெள்ளைக்காரன் போய் ஒன்றரை வருஷம் ஆகியும், விமானத்திலிருந்து ஒரு துரை இறங்குவார் என்றுதான் கொல்லையைச் சுற்றி நின்ற கூட்டம் எதிர்பார்த்தது. இறங்கியது கறுத்து மெலிந்த ஒரு தமிழ்ப் பையன். சுள்ளென்று அடிக்கிற வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினான். நடுங்கிக்கொண்டே சிரித்தான். பெயர் ராசாங்கம், ஊர் லால்குடிப் பக்கம், யுத்தத்தில் விமானம் ஓட்டியவன். விமானத்தின் மூக்கிலிருந்து அடுப்பில் தீய்ந்த எண்ணெய் வாடை வந்தது. எஞ்சின் வெந்துபோயிருந்தது. இத்தனைக்கும் இவன் சிரிக்கிறானே, மண்டையில் அடிபட்டிருக்குமோ என்று நல்லுசாமிக்குச் சந்தேகம் வந்தது.

மோர் கொடுத்து, எங்கே போகக் கிளம்பினீர்கள் என்று விசாரித்தார். எங்கேயும் இல்லை, மேலே போகத்தான் கிளம்பினேன் என்றான். திருச்சியில் தரையை விட்டதும் நேரே ஏற ஆரம்பித்து, பத்தாயிரம் அடிக்கு ஏறிவிட்டானாம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, குளிர்தான் இருக்கிறது என்றான். பிறகு எதற்குப் போனீர்கள் என்றதற்கு, எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் கணக்கு என்றான்.

நல்லுசாமி தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டவில்லை. ஒன்றுமில்லாத இடத்துக்கு ஒருவன் ஏன் எஞ்சின் வேக அத்தனை அவசரமாகப் போகவேண்டும்? படித்தவர்கள் சங்கதி, கேட்டால் இன்னும் குழப்புவார்கள் என்று விட்டுவிட்டார்.

திருச்சியில் காத்திருக்கிற மதராஸ் பெரியவர் ஒருவருக்கு ஜெயங்கொண்டத்தில் தந்தி கொடுத்துவிட்டு, ரயிலில் வருகிறவரை அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர வேண்டும் என்று ராசாங்கம் பறந்தான். வண்டி கட்டிக் கொடுத்தார் நல்லுசாமி. வண்டியில் ஏறப்போனவன் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சீட்டுக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்குங்க. எல்லாமே அதுலதான் இருக்கு. அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்.”

“ஒரு துரும்பு குறையாது தம்பி. போயிட்டு வாங்க” என்றார் நல்லுசாமி.

வண்டி போனதும் பெட்டியைப் பார்க்கச் சொன்னார். தலையாரி அரியமுத்து விமானத்துக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டி இருந்தது. நூல் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வைத்திருந்தது. அரியமுத்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே டிக் டிக் என்று ஏதோ ஓடுகிறது என்றான். கூட்டம் வரப்பு வரைக்கும் பின்வாங்கியது.

எல்லாமே அதற்குள் இருக்கிறதாம், என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. நாளைக்கு அந்த மதராஸ் பெரியவர் வந்து திறந்து பார்த்து, இதைக் காணோம் அதைக் காணோம் என்றால் பதில் சொல்வது யார்? பிச்சைமுத்துவா வந்து சொல்வார்? நல்லுசாமி ஐந்து பேரைக் கூப்பிட்டார். அவர்கள் முன்னிலையில் அரக்கை உடைத்தார்.

உள்ளே ஒரு கடிகாரமும், அது சுழற்றுகிற உருளையும் இருந்தன. உருளையைச் சுற்றி லாந்தர் கண்ணாடியில் படிகிற மாதிரி கரிப்புகை படிந்த காகிதம். அதன்மேல் மெல்லிய ஊசி ஒன்று கீறிய வெள்ளைக் கோடு அடியிலிருந்து செங்குத்தாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, சரிந்து கீழே வந்திருந்தது. யாரும் தொடக்கூடாது என்று அதட்டினார் நல்லுசாமி. தானும் தொடவில்லை. ஓடுகிற நிலையில் கடிகாரம் ஒன்று, உருளை ஒன்று, கரிக்காகிதம் ஒன்று, அதில் கோடு ஒன்று, கோட்டில் விரல் படவில்லை என்று வரிசையாக எழுதி, ஐந்து பேரிடமும் கையெழுத்தும் ரேகையும் வாங்கினார். பிறகு பெட்டியை மூடி, புது நூல் கட்டி, ஊர் முத்திரையை அழுத்தமாக வைத்தார். அந்த முத்திரையைப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் உச்சி வேளைக்குத் தாசில்தாரின் ஜீப் வந்தது. தாசில்தாரோடு ராசாங்கமும் மதராஸ் பெரியவரும் இறங்கினார்கள். பெரியவர் தங்க பிரேம் கண்ணாடி போட்டவர், பறக்கும் கிளப்பின் பரிசோதகர். அவர் பெட்டியைக் கையில் வாங்கி முத்திரையைப் பார்த்தார். பிறகு ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

திறந்து கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார் பெரியவர். அளந்து பார்த்தார். இவ்வளவு சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு இவ்வளவு வேகமாக இந்தத் தேசத்தில் யாரும் ஏறியதில்லை என்றார். நல்லுசாமிக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில், ஆனால் இது செல்லாது என்றார்.

நல்லுசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோடு அழிந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. தப்பாக இருக்கிறதா? இல்லை. பெரியவர் பொறுமையான மனிதர்தான், விளக்கிச் சொன்னார். திருச்சியில் கிளம்பும்போது தான் வைத்த முத்திரையைத் தானேதான் உடைக்கவேண்டும். நடுவில் வேறு யார் உடைத்தாலும், அந்தக் கோடு ஆகாயத்தில் விழுந்ததா, இந்தக் கொல்லையில் உட்கார்ந்து போட்டதா என்று யாருக்கும் தெரியாது.

“எங்களுக்குத் தெரியுமுங்களே” என்றார் நல்லுசாமி. “நாங்க அஞ்சு பேரு பாத்தோம். நாங்க ஒண்ணும் போடலைங்க.”

பெரியவர் அனுதாபத்தோடு புன்னகை செய்தார். ஐந்து பேர் சாட்சி சொன்னால் ஒரு மனிதனைத் தூக்கில் போடலாம் என்பது நல்லுசாமிக்குத் தெரிந்த நியாயம். அந்த ஐந்து பேருக்கு இல்லாத மரியாதை ஒரு குன்றிமணி அரக்குக்கு எப்படி வந்தது என்பது எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. இன்னொரு தரம் ஏறிவிட்டால் போகிறது என்று ராசாங்கத்திடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“விமானம் என்னுது இல்லீங்க. சொந்தக்காரரு ஒரு தடவைதான் குடுப்பேன்னாரு. எஞ்சினும் போச்சு.” ராசாங்கத்தின் குரலில் கோபமே இல்லை, அதுதான் நல்லுசாமியை என்னமோ செய்தது. “யுத்தம் முடிஞ்சதும் எங்களயெல்லாம் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. இது மட்டும் சாதனையா பதிவாச்சுன்னா ஒரு கம்பெனியில எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க.”

தாசில்தாருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் மகஜரைப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. கோட்டைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாரே என்று வியந்தார். நல்லுசாமி முதுகில் தட்டி, பொறுப்பு என்றால் இப்படி இருக்கவேண்டும், இந்த வாரமே நிரந்தர உத்தரவு வந்துவிடும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஆறு மாதமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நல்லுசாமி காத்திருந்தார். இப்போது அது காதில் விழுந்தும் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, எதற்கு வெட்கம் என்றும் தெரியவில்லை.

எல்லாம் சரியாகப் பெற்றுக்கொண்டதாகக் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும்படி தாசில்தார் மகஜரை ராசாங்கத்திடம் நீட்டினார். ராசாங்கம் பேனாவைத் திறந்தான்.

“போடாதீங்க தம்பி” என்றார் நல்லுசாமி. தாசில்தார் திரும்பி முறைத்தார். நல்லுசாமி விடவில்லை. “குறையுதுன்னு எழுதுங்க. என் பொறுப்புல இருக்கறப்ப போச்சுன்னு எழுதுங்க. நான் ஒத்துக்கறேன்.”

ராசாங்கம் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு மகஜரை முதலிலிருந்து ஒரு தரம் படித்தான். கடிகாரத்தைப் பார்த்தான், இருந்தது. உருளை இருந்தது. காகிதம் இருந்தது, கோடும் இருந்தது. உடைந்த அரக்குத் துண்டுகளைக்கூட நல்லுசாமி ஒரு பொட்டலமாக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“என்ன குறையுதுன்னுங்க எழுதறது?” என்று கேட்டான்.

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். நல்லுசாமி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். ராசாங்கம் குனிந்து, ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.