ஏழாம் நம்பர் வேஷம்

ராய்ஸ் பெட்டிகிரூ கோர்மன் கல்லூரியை விட்டு எங்கள் வேக்லி கல்லூரிக்கு வந்தபோது, அணி மாறுகிறவர்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் கோர்மன் ரசிகர்கள் அவன் பேர் போட்ட சட்டையை எரிக்கவில்லை. எரிக்க வேண்டுமென்றால் யாராவது அந்தச் சட்டையை வாங்கியிருக்க வேண்டுமே. மூன்று வருடமும் அவன் அங்கே பெஞ்சில்தான் இருந்தான். எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் களத்தில் ஒருவன்தான், அந்த இடத்தில் டேரன் ஹோல்கம் இருந்தான். ஹோல்கமுக்கு ஒரு சளிக்காய்ச்சல்கூட வந்ததில்லை.

எங்கள் மாநிலத்தில் அங்கிருந்து இங்கே தாவுவது லேசான காரியமில்லை. சர்ச்சில்கூட இரண்டு கட்சியும் தள்ளித்தான் உட்காரும். ராய்ஸின் அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், பிறந்ததிலிருந்து கோர்மன் பக்தர். மகனுக்காக லாரிக் கண்ணாடியில் இருந்த கோர்மன் கழுகு ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். "நீ ஆடுறத ஒரு தடவ கண்ணால பாத்தாப் போதும்டா" என்றாராம்.

"போட்டி போட்டு இடத்தப் பிடி" என்று சொல்லித்தான் எங்கள் கோச் மட்லாக் அவனை அழைத்தார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவன் வந்த பிறகு டெக்சஸிலிருந்து இன்னொருவனையும் அழைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ராய்ஸ் மறுபடியும் பெஞ்சுக்குப் போனான். இது அவனுக்குக் கடைசி வருடம்.

நான் தடுப்பாட்டக்காரன், எதிரணியின் எறிகிறவனைத் துரத்திப் பிடித்துச் சாய்ப்பது என் பிழைப்பு. ராய்ஸும் நானும் ஒரே அறை. அவன் குறட்டையையும் புலம்பலையும் ஒருசேரக் கேட்டவன் நான்.

கோர்மனோடு மோதும் வாரம் வந்தது. ஒவ்வொரு வாரமும் பயிற்சியில் எங்களில் சிலர் எதிரணியைப் போலவே நம்பர் மாட்டிக்கொண்டு ஆடிக்காட்டுவார்கள். ஆட இடம் கிடைக்காதவர்களின் வேலை அது. வேஷக் கூட்டம் என்போம். திங்கட்கிழமை கோச், ஹோல்கமின் ஏழாம் நம்பர் மேல்சட்டையை ராய்ஸ் மடியில் போட்டார்.

"வேண்டாம் கோச்" என்றான் ராய்ஸ்.

"உன்னவிட அவன யாருடா தம்பி பாத்திருக்கா?"

அது உண்மை. மூன்று வருடம் பெஞ்சில் இருந்தவனுக்கு வேறென்ன வேலை? ஹோல்கம் தலையைச் சாய்ப்பது, குதிகாலை உயர்த்துவது, எல்லாம் இவனுக்கு அத்துப்படி. பந்து இடப்பக்கம் போகப்போகிறதென்றால் ஹோல்கம் கை துடைக்க இடுப்பில் செருகியிருக்கும் துண்டை ஒரு இழுப்பு இழுப்பான். ராய்ஸ் அதையும் செய்தான். புதன்கிழமைக்குள் அந்த இழுப்பைப் பார்த்ததும் என் கால் தானாக ஓடியது. பயிற்சியாளர்கள் பூரித்துப் போனார்கள். தன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தவனாகவே ஒருவன் நாள் முழுக்க ஆட வேண்டுமென்றால், அது என்ன பிழைப்பு?

"போய்க் கேளுடா, வாயில்லாப் பூச்சி" என்று வியாழக்கிழமை நான்தான் அவனைப் பிடித்துத் தள்ளினேன்.

"கோச், சனிக்கிழமை எங்கப்பா வர்றாரு. ஒரே ஒரு தடவ எறக்கி விடுங்க. பந்த வாங்கி அடுத்தவன் கையில குடுத்தாலும் போதும்."

"பாத்துக்கலாம் தம்பி" என்றார் கோச்.

சனிக்கிழமை ஹோல்கம் துண்டை இழுத்தான், நான் ஓடினேன், அவன் விழுந்தான். மறுபடி இழுத்தான், மறுபடி விழுந்தான். எழுந்திருக்கும்போது, "உனக்கு எப்படிடா தெரியுது?" என்று கேட்டான். நான் எங்கள் பெஞ்சைப் பார்த்தேன். ராய்ஸ் ஹெல்மெட்டை மாட்டி, நாடியில் வாரையும் இறுக்கிக்கொண்டு நின்றான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அப்படியேதான் நின்றிருந்தான்.

கடைசி நிமிடங்களில் புள்ளிக்கணக்கில் அவர்கள் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டோம். கோச் டெக்சஸ்காரனை வெளியே அழைத்தார். ராய்ஸ் இரண்டடி முன்னால் வந்தான். கோச் அவன் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, முதல் வருடப் பையன் ஒருவனை உள்ளே அனுப்பினார். அடுத்த வருடத்துக்கு அவனைப் பழக்க வேண்டுமல்லவா? நியாயம்தான். அந்த நியாயத்தை எடுத்து அடுப்பில் போடத் தோன்றியது எனக்கு.

ஆட்டம் முடிந்ததும் ராய்ஸின் அப்பா வேலி ஓரம் இறங்கி வந்தார். எந்தக் கட்சி நிறமும் இல்லாத வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது.

"கடைசியில பாத்ரூம்ல பெரிய கியூ நின்னுச்சுப்பா. அப்பத்தான் எறங்கினியா?"

ராய்ஸ் வாயைத் திறக்கும் முன் கோச் வந்து அவன் தோளில் கை போட்டார். "ஐயா, இந்த ஜெயிப்பு உங்க பையனோடது. வாரம் பூரா ஹோல்கமா ஆடிக் காட்டினான். எவனாலயும் முடியாது." பிறகு அவன் பக்கம் திரும்பி, "அடுத்த சனிக்கிழமை ஃபைனல். அந்த டீம்ல எறியறவன் இடது கைக்காரன். இடது கையால எறிவல்ல?"

"எறிவேன் கோச்" என்றான் ராய்ஸ்.

அவன் அப்பா கொஞ்ச நேரம் மகனின் மண் படாத கால்சட்டையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோச்சிடம் கேட்டார்.

"அந்தப் பயிற்சியப் பாக்க விடுவீங்களா சார்? லீவு போட்டுட்டு வந்துடறேன்."

"அதுக்கு வெளியாளுங்கள விடறதில்லீங்க ஐயா" என்றார் கோச்.