ஃப்ளெக்ஸில் நின்ற கப்பல்

சமயநல்லூர் நிறுத்தத்தில் இறங்கிய முத்துமீனாவை முதலில் வரவேற்றது அவளுடைய முகம்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் விறைப்பாக அவள். பக்கத்தில் கூலிங்கிளாஸோடு அத்தை மகன் சிவக்குமார். இருவருக்கும் பின்னால் கடலைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் தாங்கிக் கப்பல். கீழே சொந்தபந்தங்களின் முகங்களை ஸ்டாம்பு ஒட்டினாற்போல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நிச்சயதார்த்தம் நாளைக்காம். குலசாமி கும்பிட வேண்டும், லீவு போட்டுவிட்டு வா என்று அப்பா போனில் சொன்னதை நம்பிக் கொச்சியிலிருந்து வந்தவளுக்குப் பையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. டீக்கடைக்காரர் ஃப்ளெக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அப்பா நல்லகாமன் கடலைக் காணாத மனிதர் அல்ல. பதினைந்து வருஷம் கடற்படையில் எஞ்சின் அறைச் சூட்டில் வெந்தவர். வெள்ளைக்காரனிடம் வாங்கிய பழைய விமானம் தாங்கிக் கப்பலில் அதன் கடைசிக் காலம்வரை வேலை பார்த்தவர். அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிய செய்தி டிவியில் வந்த அன்று, இழவு விழுந்தாற்போல் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால், இவர் காலண்டர் கப்பலைக் காட்டி ஊட்டினார். "தளம் மூக்கத் தூக்கிக்கிட்டு நின்னா நம்ம கப்பல். சப்பையாக் கெடந்தா அமெரிக்காக்காரன்து. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்பார். கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கினார். வாளிக் கயிற்றில் மாலுமி முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தார். "எம்புட்டு இழுத்தாலும் நழுவாது. கயிறு தொய்யிறப்ப முடிச்சோட முதுகப் பெருவிரலால தள்ளு, அவுந்துரும்." பெண்களையும் மாலுமியாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது, "எங்க கப்பல்ல பொம்பளைக்குன்னு ஒரு கட்டில் கெடையாது. இப்பக் கப்பலையும் நம்மளே கட்டுறோம், ஒனக்கும் எடம் வச்சிருக்கான். போ ஆத்தா" என்று ரயிலேற்றி விட்டவரும் அவர்தான்.

நான்கு வருஷ வேலை. அது முடியும்போது, விரும்பிக் கேட்பவர்களில் சிலரை மட்டும்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். அந்தச் சிலரில் ஒருத்தியாக வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தாள் முத்துமீனா. கேட்க வேண்டிய மாதம் இதுதான். அப்பாவிடம் அதைச் சொல்லியும் இருந்தாள்.

அவரே அங்கே ஸ்டூல்மேல் நின்று ஃப்ளெக்ஸின் ஒரு மூலையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் இறங்கிவந்து, முகத்தைப் பார்க்காமல் பைக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"கோவிலுக்குன்னு சொன்னீங்க."

"கோவிலுக்கும்தான் போறோம். மொதல்ல சாமி, பொறவு மண்டபம்."

"நான் தொடர்ந்து இருக்கக் கேக்கப் போறேன்னு சொன்னேன்லப்பா."

"நாலு வருசம்னுதான சேந்த." கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒன்னைய அனுப்பும்போதே ஒங்க அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டேன். பொம்பளப் புள்ளைய அனுப்பாதன்னு மல்லுக்கு நின்னா. நாலே வருசம், வந்ததும் ஒன் மகனுக்குத்தான்னு சொல்லித்தான் அவ வாய அடைச்சேன். அவனுக்கு உரிமை இருக்குல்ல."

அப்படியென்றால் ரயிலடியில் கண் கலங்கக் கையசைத்த அன்றே, அவள் திரும்பி வருவதையும் பேசி முடித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறார். ஊரே மறித்தபோது தன் பக்கம் நின்ற ஒரே ஆள் என்று நினைத்திருந்தாளே. அத்தை மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அத்தை நேருக்கு நேர் வேண்டாம் என்றாள். கூடவே நின்று கழுத்தறுத்தவர் இவர். இரவல் பாத்திரம் மாதிரி அவளைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறார்.

"அது எந்தக் கப்பல்ப்பா?" என்று ஃப்ளெக்ஸைக் காட்டினாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். தளம் முன்கோடிவரை சப்பையாகக் கிடந்தது. அமெரிக்காக்காரன் கப்பல்.

"ஏதோ ஒண்ணு. படம் பளிச்சுன்னு இருக்குன்னு கடக்காரன் போட்டிருக்கான். இங்க யாரு பாக்கப் போறா?"

மேற்கொண்டு கேட்க அங்கே பழைய அப்பா இல்லை.

மேற்கேயிருந்து புழுதிக் காற்று அடித்தது. கீழ்மூலைக் கயிறு அறுந்து, அவள் படம் மடங்கி மாப்பிள்ளையின் முகத்தில் அறைந்தது. டீக்கடையில் சிரித்தார்கள். நல்லகாமன் அவசரமாகக் குனிந்து, வேறு கயிறு கோத்துச் சவுக்குக் கம்பத்தில் முடிச்சுப் போட்டார். பார்க்காமலே போட்டார், விரல்கள் அத்தனை வருஷப் பழக்கத்தில் தானாக ஓடின. அதற்குள் அத்தை வீட்டு வேன் வந்து நிற்க, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கும்பிட்ட கையோடு அந்தப் பக்கம் போனார்.

முத்துமீனா கம்பத்தின் அருகே வந்தாள். வாளிக் கயிற்றில் அவர் போட்டுக் காட்டிய அதே முடிச்சு. காற்றில் ஃப்ளெக்ஸ் புடைத்து, கயிறு விண்ணென்று இறுகி நின்றது. வேனிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. முடிச்சின் முதுகில் பெருவிரலை வைத்தபடி, காற்று தணியக் காத்து நின்றாள்.