திரையில் நின்றுபோன ரத்தம்

நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்குக் குடலில் கட்டி. அதை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைத்துத் தைக்க வேண்டும். இணைப்பு தாங்காது என்று தோன்றினால் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேரப் பை மாட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆபரேஷன் மேஜையில் படுத்த பிறகு மயக்க மருந்து டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"பை மட்டும் வேணாம் டாக்டர். பிள்ளைங்களோட தண்ணியில எறங்குற பொழப்பு எனக்கு."

"பார்த்துக்கறோம்," என்றாள் டாக்டர். வேறு என்ன சொல்வது?

கட்டி சுலபமாகத்தான் வந்தது. இணைக்கும் முன் சர்ஜன் பேனா போன்ற காமிராவைக் குடலின் மேல் வைத்தார். தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவி அது. ரத்தம் ஒழுங்காக ஓடினால் எறும்புச் சாரை போல் சிவப்பணுக்கள் ஊர்ந்துபோவது தெரியும். ஓட்டம் இல்லாத இடத்தில் தைத்தால் தையல் பிரிந்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

அன்று சாரை நின்று நின்று போனது. பல குழாய்களில் நகரவே இல்லை.

டாக்டர் மருந்து ஏற்றும் கருவியைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன் டீச்சரின் ரத்த அழுத்தம் சரிந்தபோது, அதை ஏற்றும் மருந்தைக் கூட்டியிருந்தாள். அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் அந்த மருந்து குடலின் சிறு குழாய்களைச் சுருக்கியும் விடும். கூட்டுகிறேன் என்று சொல்லத்தான் செய்தாள். ரத்தம் உறிஞ்சும் கருவியின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. பத்து நிமிடம் பொறுங்கள், மருந்தைக் குறைத்துவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இப்போது சொல்லலாம். ஆனால் போன மாதம் இதே சர்ஜன், உங்கள் வேலையை மட்டும் பாருங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார். அவள் வாயைத் திறக்கப்போய், மூடி, மறுபடி துணிவதற்குள் அவர் பை வைக்க முடிவெடுத்துவிட்டார்.

கடைசித் தையலின்போது மருந்து பாதியாகக் குறைந்திருந்தது. வெளியே வைத்த குடல் முனை நல்ல சிவப்பாகப் பளபளத்தது.

மதியம் சர்ஜனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

மருந்தைக் குறைத்தும் ஓட்டம் மோசமாகவே இருந்திருக்கலாம், யார் கண்டது என்றார் அவர். அதுவும் உண்மைதான். அந்தத் தெரியாமைதான் அவளை அரித்தது.

நான்காம் நாள் இருவருமாக டீச்சரிடம் போனார்கள். சர்ஜன் ஆரம்பித்தார், அவள் முடித்தாள். டீச்சர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டாள்.

"அந்த மருந்தக் கூட்டலைன்னா?"

"பிரஷர் இன்னும் எறங்கியிருக்கும். அது குடுக்க வேண்டிய மருந்துதான். நான் வாய மூடிட்டு இருந்ததுதான் தப்பு."

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"ஆழத்துல எறங்கப் பயப்படுற பிள்ளைங்கள நான் ஒருநாளும் திட்டினதில்ல," என்றாள் டீச்சர். "ஆனா நீங்க பிள்ளை இல்லையே."

அதன்பின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் குடலை இணைத்தார்கள். அன்று மயக்கம் கொடுக்க வேறு டாக்டர் வேண்டும் என்று டீச்சர் முன்கூட்டியே கேட்டிருந்தாள். டாக்டருக்கு அது நியாயமாகவே பட்டது. பக்கத்து அறையில் வேறொரு நோயாளியின் தலைமாட்டில் நின்றிருந்தவள், கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். நல்லபடியாகத் தைத்தாயிற்று என்று நர்ஸ் வந்து சொல்லும்போது மணி பன்னிரண்டு.