கல்பாக்கத்தில் புகை இல்லை

எங்கப்பா இன்னாசிமுத்துவுக்கு எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான்: புகை. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் அவர் பாய்லர் போர்மேன். காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் பல் தேய்த்தபடியே சிம்னிகளை அண்ணாந்து பார்த்து, "மூணாவது யூனிட் நின்னுகினு இருக்கு" என்பார். ஷிப்டுக்குப் போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். அது ஒருநாளும் தப்பாததுதான் என் தலையெழுத்து.

1999இல் எனக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் ஆரோன். டெக்னீஷியன், பெர்மனன்ட். ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். நான் அடித்த ஜோக்குக்குச் சாப்பாட்டுப் பந்தியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவர். எனக்குப் பிடித்துப்போயிற்று. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மாப்பிள்ளையை விசாரிக்கப் போன அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார்.

"வேணாம் மெர்லின். அந்த பிளான்ட்டு ஓடல. ரெண்டு மணி நேரம் நின்னுகினு பார்த்தேன். அவ்ளோ பெரிய சிம்னி, துளி பொகை இல்ல. ஆறு மாசத்துல பையன் வூட்டுல குந்திகினு இருப்பான்."

"அப்பா, அது அணு. அங்க எதையும் எரிக்க மாட்டாங்க."

"எரிக்காம எப்படிடி கரண்டு வரும்? எனக்கே பாடம் எடுக்கறியா?"

பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் நானே ஆரோனுக்கு ஒரு கார்டு போட்டேன்: 'நேரில் வந்து எங்கப்பாவுக்குப் புரியவைக்கவும். முடியாவிட்டால் வேறு பெண் பார்த்துக்கொள்ளவும்.' தபால்காரரும் படித்திருப்பார். படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆரோன் வந்து நின்றார்.

"யுரேனியத்தப் பிளக்கறப்ப சூடு வருதுங்க மாமா. அதுல தண்ணி கொதிக்குது. அதுக்கப்புறம் ஆவி, டர்பைன், ஜெனரேட்டர், எல்லாம் உங்க பிளான்ட்டுல இருக்கறதுதான்."

டர்பைன் என்றதும், சொந்தக்காரர் பெயரைக் கேட்ட மாதிரி அப்பாவின் முகம் இளகியது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

"சரி. சாம்பல்?"

ஆரோன் என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இருக்குங்க மாமா. கொஞ்சம்தான். ஆனா ஆபத்தானது. பேரப்புள்ளைங்க காலத்துக்கு அப்புறமும் பூட்டி வச்சுகினு காவல் காக்கணும்."

முடிந்தது என் கல்யாணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா எழுந்து வந்து ஆரோனின் தோளில் கை வைத்தார்.

"நீ மொத நாளே உண்மையச் சொல்லிட்ட. உங்கத்தையைப் பொண்ணு பார்க்கப் போனப்ப நான், நெய்வேலியில தூசியே கெடையாதுன்னு சொன்னேம்பா."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இருவத்தஞ்சு வருசமா கொடித்துணிய ஒதறிகினுதான் இருக்கேன். கல்யாணத்துக்குத் தேதியப் பாருங்க."